3.56 சதவீதம்: நெய்வேலிப் பங்குகளைத் தமிழ்நாடு வாங்கிய விவகாரம்

2013 ஆகஸ்டில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யின் ஏறத்தாழ 5.97 கோடிப் பங்குகள் மத்திய அரசின் கணக்கிலிருந்து தமிழ்நாடு அரசின் ஐந்து நிறுவனங்களின் கணக்குகளுக்கு மாறின. பங்கு ஒன்று 60 ரூபாய், மொத்தம் சுமார் 358 கோடி. பங்குச்சந்தையின் அளவில் பார்த்தால் இது சில்லறை வியாபாரம். அந்த நிதியாண்டில் பொதுத்துறைப் பங்குகளை விற்று 40,000 கோடி திரட்ட மத்திய அரசு இலக்கு வைத்திருந்தது. அதில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் இந்தச் சில்லறைக்காக நெய்வேலியில் வேலைநிறுத்தம் நடந்தது, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், தமிழ்நாட்டு அதிகாரிகள் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியோடு பேச வேண்டி வந்தது.

கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் அந்த ஜூலை மாதத்தைப் பற்றிக் கேட்டால் வேலைநிறுத்தம் நினைவிருக்கும். பங்கு விற்பனை என்ற பகுதிதான் இன்றும் குழப்பமாகவே பேசப்படுகிறது. "கம்பெனியையே வித்துட்டானுங்க" என்பவரும் உண்டு, "அம்மா கம்பெனிய வாங்கிட்டாங்க" என்பவரும் உண்டு. இரண்டும் நடக்கவில்லை. நடந்தது என்ன, அதில் யார் பணம் எங்கே போனது, சந்தைக்கு என்ன கிடைத்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

யார் கையில் எவ்வளவு

1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 2011-ல் பொதுத்துறை நிறுவனங்களுக்குக் கூடுதல் முடிவெடுக்கும் சுதந்திரம் தரும் நவரத்னா தகுதி பெற்றது, 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2013-ல் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் திறன் மட்டும் 2,490 மெகாவாட். அந்த மின்சாரம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் மற்ற தென்மாநிலங்களுக்கும் போகிறது.

அப்போது நிறுவனத்தின் பங்கு மூலதனம் 1,677.71 கோடி ரூபாய். முகமதிப்பு 10 ரூபாய் என்பதால் பங்குகளின் எண்ணிக்கை 167.77 கோடி. அதில் 93.56 சதவீதம் குடியரசுத் தலைவர் பெயரில் இருந்தது. மத்திய அரசு நிறுவனங்களில் பங்குகள் அப்படித்தான் பதிவாகும். மீதி 6.44 சதவீதம்தான் வெளியார் கையில்.

அதைக் கூட்டப் பார்த்தது முதல் தடவையும் இல்லை. 2006-ல் என்.எல்.சி.யின் 10 சதவீதத்தை விற்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. தி.மு.க. அப்போது கூட்டணியில் இருந்தது, கருணாநிதி எதிர்த்தார். அந்த ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் என்.எல்.சி.யை மட்டுமல்ல, எல்லாப் பங்கு விற்பனை முடிவுகளையுமே நிறுத்தி வைத்தார். அதனால் 2013-ல் விற்பனைப் பேச்சு மறுபடி எழுந்தபோது நெய்வேலித் தொழிற்சங்கங்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது: போன தடவை நிறுத்தினோம், இந்தத் தடவையும் நிறுத்தலாம்.

இந்தத் தடவை வேறுபாடு என்னவென்றால், எதிரில் நின்றது அமைச்சரவை முடிவு மட்டும் இல்லை. ஒரு விதி.

விதி ஏன் வந்தது

ஒரு நிறுவனம் பங்குச்சந்தையில் பட்டியலாகியிருந்தால் அதன் பங்குக்குத் தினமும் ஒரு விலை உண்டு. அந்த விலையை நம்பிப் பலர் கணக்குப் போடுகிறார்கள். பரஸ்பர நிதி தன் யூனிட்டின் மதிப்பை அதை வைத்துச் சொல்கிறது. பங்கை ஈடாக வாங்கும் வங்கி அதை வைத்துத்தான் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று பார்க்கிறது. ஆனால் நூற்றில் தொண்ணூற்று மூன்றரைப் பங்கு ஒருவரிடமே அசையாமல் கிடந்தால், மிச்ச ஆறரைப் பங்குக்குள் நடக்கும் வாங்கல் விற்றலில்தான் அந்த விலை பிறக்கிறது. பண்ருட்டியில் நூறு லோடு பலா விளைந்து ஆறு லோடு மட்டும் மண்டிக்கு வந்தால், அன்றைய விலையை நூறு லோடுக்கும் உரிய விலை என்று எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். கையில் கொஞ்சம் பணம் உள்ள இரண்டு பேர் நினைத்தால் அந்த விலையை ஏற்றவும் முடியும், இறக்கவும் முடியும்.

இதைச் சரிசெய்ய 2010-ல் பத்திர ஒப்பந்த விதிகள் திருத்தப்பட்டன. பட்டியலான தனியார் நிறுவனங்களில் குறைந்தது 25 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 சதவீதம் ப்ரமோட்டர் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முக்கிய உரிமையாளர்) அல்லாதவர்களிடம் இருக்க வேண்டும் என்று ஆனது. தனியாருக்குக் கெடு 2013 ஜூன் 3. பொதுத்துறைக்கு 2013 ஆகஸ்ட் 8.

கெடுவை மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணெதிரே உதாரணமும் வந்தது. தனியார் கெடு முடிந்த மறுநாளே, ஜூன் 4 அன்று, விதியைப் பின்பற்றாத 105 நிறுவனங்கள் மீது செபி உத்தரவு போட்டது. கூடுதலாக வைத்திருக்கும் அளவுக்கு ப்ரமோட்டர்களின் வாக்குரிமையும் டிவிடெண்ட் (லாபத்தில் பங்குதாரருக்குத் தரும் தொகை) போன்ற பலன்களும் முடக்கப்பட்டன. என்.எல்.சி. தவறியிருந்தால் ப்ரமோட்டர் யார்? குடியரசுத் தலைவர். நாடாளுமன்றம் உண்டாக்கிய ஒரு அமைப்பு குடியரசுத் தலைவரின் வாக்குரிமையை முடக்கும் உத்தரவை எழுதும் காட்சியை டெல்லியில் யாரும் பார்க்க விரும்பியிருக்க மாட்டார்கள்.

விற்பனையும் பயமும்

2013 ஜூனில் மத்திய அமைச்சரவைக் குழு 5 சதவீதம் விற்க ஒப்புதல் தந்தது. உண்மையில் தேவைப்பட்டது 3.56 சதவீதம்தான், 93.56-ல் அதைக் கழித்தால் சரியாக 90. ஜூலை முதல் வாரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. நிரந்தரத் தொழிலாளர்களோடு ஒப்பந்தத் தொழிலாளர்களும் நின்றார்கள்.

அப்போது நகரில் பேசப்பட்டவற்றில் சரியானவையும் இருந்தன, தவறானவையும் இருந்தன.

தவறானவை முதலில். நிர்வாகம் கைமாறிவிடும் என்பது ஒன்று. 93.56 சதவீதம் 90 ஆகக் குறைந்தால் நிர்வாகத்தில் எதுவும் மாறாது. 51 சதவீதம் இருக்கும்வரை அது சட்டப்படி அரசு நிறுவனம். இயக்குநர்களை நியமிப்பது, தணிக்கை, இட ஒதுக்கீடு எல்லாம் அப்படியேதான். இரண்டாவது, நெய்வேலிப் பணம் போய்விடும் என்பது. நிறுவனத்தின் கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூட வெளியே போகாது, உள்ளேயும் வராது. புதுப் பங்கு வெளியிட்டால்தான் பணம் நிறுவனத்துக்கு வரும். ஏற்கெனவே இருக்கும் பங்கை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் பணம் விற்றவருக்குப் போகிறது. இங்கே விற்றவர் மத்திய அரசு. சுரங்கம் விரிவாக்கவோ புது யூனிட் கட்டவோ இந்த 358 கோடி வரவில்லை. விற்பனையை ஆதரித்துப் பேசிய சிலரும் "நிறுவனத்துக்கு முதலீடு வரும்" என்று சொன்னார்கள். அவர்களுக்கும் இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

சரியான பயம் ஒன்று இருந்தது: இது இதோடு நிற்காது. 10 சதவீதம் என்ற விதி நாளை 25 ஆகும், அப்போது அடுத்த துண்டு போகும் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். பொருளாதாரம் தெரிந்தவர்கள் அதை மிகை என்று ஒதுக்கினார்கள். ஒரே ஆண்டில் அது அப்படியே நடந்தது.

வாங்குபவரைத் தேர்ந்தெடுப்பதில் இருந்த சிக்கல்

முதலமைச்சர் ஜெயலலிதாவின் யோசனை கேட்க எளிமையானது: வெளியாருக்கு விற்காதீர்கள், தமிழ்நாடு அரசு நிறுவனங்களுக்குக் கொடுங்கள், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். வீட்டு மனை விஷயத்தில் இது சாத்தியம். பட்டியலான பங்குக்கு அவ்வளவு சுலபம் இல்லை. இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

அரசு அப்போது வழக்கமாகப் பயன்படுத்திய வழி ஆஃபர் ஃபார் சேல். பங்குச்சந்தையில் தனியாக ஒரு சாளரம் திறப்பார்கள். குறைந்தபட்ச விலை ஒன்று அறிவிக்கப்படும். அதற்கு மேல் யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். விற்கிற அளவில் குறைந்தது 25 சதவீதம் பரஸ்பர நிதிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஒதுக்கியாக வேண்டும். "உனக்குத் தருவேன், உனக்குத் தர மாட்டேன்" என்று சொல்ல அந்தச் சாளரத்தில் வழியே கிடையாது. சென்னையிலிருந்து கேட்கும் விலையும் சிங்கப்பூரிலிருந்து கேட்கும் விலையும் ஒரே வரிசையில் நிற்கும். அதிக விலை கேட்டவருக்குப் பங்கு.

பங்குச்சந்தைக்கு வெளியே நேரடியாகக் கைமாற்றிவிடலாமே என்றால், குறைந்தபட்ச வெளியார் பங்கு விதியை நிறைவேற்ற எந்தெந்த வழிகளில் விற்கலாம் என்று செபி ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வது அதில் இல்லை. காரணம் வெளிப்படை: ப்ரமோட்டர் தன் மைத்துனருக்கு விற்றுவிட்டுக் கணக்கைக் காட்டிவிடுவார்.

கடைசியில் கை கொடுத்தது 2012 ஜனவரியில் செபி அறிமுகப்படுத்திய இன்னொரு வழி: நிறுவன முதலீட்டாளர்களுக்கு மட்டுமான விற்பனைத் திட்டம், சுருக்கமாக ஐ.பி.பி. இதில் சில்லறை முதலீட்டாளர் கிடையாது. தகுதி பெற்ற நிறுவனங்கள் மட்டுமே கேட்கலாம். அந்தத் தகுதிப் பட்டியலில் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகங்களும் உண்டு. ஆனால் அப்போதைய பொது விதியின்படி குறைந்தது பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒருவருக்கு 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. தமிழ்நாடு கொண்டுவந்தது ஐந்து நிறுவனங்கள்: டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்), சிப்காட், தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம், டுஃபிட்கோ, பவர்ஃபின். செபியின் இசைவு இல்லாமல் இது நகராது. பேச்சு நடந்தது, இசைவும் கிடைத்தது. ஜூலை நடுவில் வேலைநிறுத்தம் முடிந்தது. ஆகஸ்டில், கெடு நெருங்கிய வேளையில், பங்குகள் மாறின.

இன்னொரு கேள்வியும் எழுந்திருக்க வேண்டும். மாநில அரசின் நிறுவனம் எப்படிப் பொதுப் பங்குதாரர் ஆகும்? விதி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வாங்குபவர் ப்ரமோட்டரோ அவர் குழுவைச் சேர்ந்தவரோ ஆக இருக்கக் கூடாது. ப்ரமோட்டர் மத்திய அரசு. தமிழ்நாடு அரசு வேறு அரசு. சட்டப்படி டிட்கோவும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பங்குகளுக்கான டிமேட் கணக்கு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒரே வரிசை.

60 ரூபாய் நல்ல விலையா

2012-13-ல் என்.எல்.சி.யின் நிகர லாபம் சுமார் 1,460 கோடி. பங்குக்கு 8.70 ரூபாய் வருகிறது. அதாவது 60 ரூபாய் என்பது ஆண்டு லாபத்தைப் போல ஏழு மடங்குக்கும் குறைவு. அந்த ஆண்டு டிவிடெண்ட் 28 சதவீதம், பங்குக்கு 2.80 ரூபாய், போட்ட பணத்துக்கு 4.7 சதவீதம் கையில் வரும். வங்கி வைப்புக்கு அப்போது இருந்த வட்டியோடு ஒப்பிட்டால் டிவிடெண்ட் மட்டும் கவர்ச்சியானது இல்லை. ஆனால் மின்கட்டணம் மத்திய ஒழுங்குமுறை ஆணையத்தால் நிர்ணயிக்கப்படும் ஒரு நிறுவனத்தில், லாபம் தடாலடியாகச் சரிய வாய்ப்புக் குறைவு. வாங்கியவர் ஏமாறவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

எனக்கு விலையைவிட வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. தொழில் முதலீட்டுக் கழகத்தின் வேலை சிறு, குறு தொழில்களுக்குக் கடன் கொடுப்பது. டுஃபிட்கோவின் வேலை நகராட்சிகளின் குடிநீர், சாலைத் திட்டங்களுக்கு நிதி தருவது. அந்த நிறுவனங்களின் பணம் அனல்மின் நிலையப் பங்கில் போய் உட்கார்ந்தால் அந்த அளவுக்குக் கடன் கொடுக்கும் திறன் சுருங்கும். போராட்டத்தின் சூட்டில் இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பவர்ஃபின் இன்னும் சுவாரசியம். அது பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கும் அரசு நிதி நிறுவனம். கடலூர், சிதம்பரம் பக்கம் ஓய்வு பெற்ற பலர் பணிக்கொடைப் பணத்தை அங்கே போட்டிருக்கிறார்கள். வங்கியைவிட வட்டி கொஞ்சம் கூட, அரசு நிறுவனம் என்ற தைரியமும் உண்டு. அப்படி வாங்கிய பணத்தைப் பவர்ஃபின் பெரும்பாலும் மாநில மின்வாரியத்துக்குக் கடனாகக் கொடுக்கிறது. மின்வாரியம் என்.எல்.சி.யிடம் மின்சாரம் வாங்குகிறது. என்.எல்.சி.யின் பங்கு பவர்ஃபினிடம். மின்வாரியம் என்.எல்.சி.க்குப் பணத்தைச் சரியாகக் கட்டினால் பவர்ஃபினுக்கு டிவிடெண்ட் வரும். கட்டத் தவறினால் என்.எல்.சி.க்கும் இடி, கடன் கொடுத்த பவர்ஃபினுக்கும் இடி. பங்கு என்றாலே சூதாட்டம் என்று ஒதுங்கியிருந்த ஓய்வூதியர், தனக்குத் தெரியாமலேயே இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டார். நிதி நிறுவனங்கள் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு நம் மாவட்டத்துக்குள்ளேயே இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சந்தைக்குக் கிடைத்தது

ஒன்றுமில்லை. காகிதத்தில் வெளியார் பங்கு 6.44-லிருந்து 10 சதவீதம் ஆனது. ஆனால் புதிதாக வந்த 3.56 சதவீதத்தை வாங்கியவர்கள், அது வெளியே போகக் கூடாது என்பதற்காகவே வாங்கியவர்கள். தினசரி வாங்கி விற்க இருந்தது அதே பழைய 6.44-தான், அதிலும் ஒரு பகுதி பெரிய நிறுவனங்களிடம் அசையாமல் இருந்தது. விலை சரியாகப் பிறக்க வேண்டும் என்பதற்காக எழுதிய விதி, எழுத்தளவில் நூறு சதவீதம் நிறைவேறியது. நோக்கத்தளவில் ஒரு பங்குகூடச் சந்தைக்கு வரவில்லை.

இதற்காகச் செபியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாவட்டத்தின் மின் உற்பத்தியும் பல ஆயிரம் பேரின் கூலியும் ஒரு பக்கம், ஆறரையா பத்தா என்ற கணக்கு இன்னொரு பக்கம் என்றால், ஒழுங்குமுறை அமைப்பு வளைந்து கொடுத்தது புத்திசாலித்தனம்தான். ஆனால் அதைச் சீர்திருத்தம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

அப்புறம்

2014-ல் விதி திருத்தப்பட்டுப் பொதுத்துறைக்கும் 25 சதவீதம் என்று ஆனது. கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 2017 அக்டோபரில் 94 ரூபாய் குறைந்தபட்ச விலையில் ஒரு துண்டு ஆஃபர் ஃபார் சேல் வழியாகப் போனது. பாரத்-22 போன்ற ஈ.டி.எஃப். (பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்துச் சந்தையில் விற்கும் நிதி) கூடைகளில் என்.எல்.சி. சேர்க்கப்பட்டபோது இன்னும் கொஞ்சம் போனது.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் நடந்தது. 2017-லும் 2018-லும் நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கியது. 167.77 கோடியாக இருந்த பங்குகள் 138.66 கோடியாகக் குறைந்தன. இரண்டாவது தடவை மட்டும் பங்குக்கு 88 ரூபாய் வீதம் சுமார் 1,249 கோடி ரூபாய் நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து வெளியே போனது. முதல் தடவையும் அதற்குக் குறைந்தது இல்லை. பெரிய பங்குதாரர் மத்திய அரசு என்பதால் பெரும்பகுதி டெல்லிக்குத்தான். 2013-ல் "நெய்வேலிப் பணம் போகிறது" என்று பயந்தார்கள், அப்போது போகவில்லை. பங்கைத் திரும்ப வாங்கியபோதுதான் உண்மையில் போனது. நம் ஊர் டீக்கடைகளில் அது பேச்சாகவே இல்லை. 'பங்கு விற்பனை' என்றால் கோபம் வருகிறது, 'பைபேக்' என்றால் புரிவதில்லை.

2024 மார்ச்சில் மத்திய அரசு இன்னொரு 7 சதவீதத்தை விற்றது. குறைந்தபட்ச விலை 212 ரூபாய். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் பயிருக்குள் இயந்திரம் இறங்கியதற்காக மாவட்டமே கொதித்துக்கொண்டிருந்தது. அது நிலப் பிரச்சினை, பங்கு இல்லை. 2013-ல் வாங்கிய 5.97 கோடிப் பங்குகளைத் தமிழ்நாட்டு நிறுவனங்கள் அப்படியே வைத்திருந்தால், 358 கோடி போட்டது 212 ரூபாய்க் கணக்கில் சுமார் 1,266 கோடி. டிவிடெண்ட் தனி.

அந்த விற்பனையோடு மத்திய அரசின் பங்கு 79.2-லிருந்து 72.2 சதவீதமானது. இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நிறுவனத்தின் விதிமுறைகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆதரவு வாக்குகள் எதிர்ப்பு வாக்குகளைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 72.2-ஐ மூன்றால் வகுத்தால் 24.07. வெளியார் கையில் இருப்பது மொத்தம் 27.8. ஐந்து தமிழ்நாட்டு நிறுவனங்களும் ஒரு பங்கையும் விடாமல் வைத்திருந்தால், மொத்தப் பங்குகள் குறைந்துவிட்டதால் அவற்றின் 3.56 சதவீதம் இப்போது 4.3 ஆகியிருக்கும். அவை ஒதுங்கி நின்று மற்ற எல்லாரும் எதிர்த்தால் 23.5, தீர்மானம் நிறைவேறிவிடும். அவையும் சேர்ந்து எதிர்த்தால் தோற்கும். சிறு பங்குதாரர்கள் அத்தனை பேரும் வாக்களிக்க வருவது நடக்கிற காரியம் இல்லை என்பதால் இது இன்றைக்குக் கணக்கு மட்டும்தான். ஆனால் மத்திய அரசு இன்னும் ஒரு துண்டு விற்றால், எல்லாரும் வர வேண்டியதில்லை.